மாரி வெளித்த காலை: வெயிலை முதலில் ஆளுக்கும் பிறகு துணிக்கும் கொடுப்பது எப்படி

திருகோணமலையில் கார்த்திகையும் மார்கழியும் வாரக்கணக்காக ஊற்றிவிட்டு, ஒருநாள் விடியும்போது வானம் முழுவதும் வெளித்திருந்தால், பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கண் விழித்த கையோடு வாளிகள் நிரம்புகின்றன, ஈர வாடை அடிக்கும் போர்வைகளும் மெத்தைகளும் முற்றத்துக்கு வருகின்றன, அலுமாரி காலியாகிறது. மத்தியானம் ஆகும்போது, வீட்டில் உள்ள எல்லாப் பொருளுக்கும் வெயில் கிடைத்திருக்கும், அவற்றைத் தூக்கிச் சுமந்தவரைத் தவிர. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுகிறார். மறுநாள் மீண்டும் மப்பும் மந்தாரமுமாக இருந்தால், அந்த ஒரு காலையும் அவரைத் தொடாமலே போய்விட்டது என்று பொருள்.

இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கை மாற்றுவதற்காக எழுதப்படுகிறது. மழைக்குப் பின் வரும் முதல் வெயிலை மனிதர்கள் முதலில் பெற வேண்டும். துணியும் வீடும் அதன் பிறகு பெறலாம். இது சோம்பலுக்குச் சொல்லும் சாட்டு அன்று. விடியற்காலை வெயில் துணிக்குப் பெரிதாக உதவாது, ஆனால் கண்ணுக்கும் உறக்கத்துக்கும் மனதுக்கும் அதுவே மிகவும் உகந்தது. வெயிலின் இயல்பே இந்த வேலைப் பங்கீட்டைச் செய்து தந்திருக்கும்போது, நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை.

மனம் ஏன் சோர்கிறது

வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குக் கரையில் இறக்குகிறது. ஒக்டோபர் தொடக்கம் விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்கள் அந்த மழைக்கு மேலும் வலுவூட்டுகின்றன. திருகோணமலைக்கு நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலும் தனித்தனியே சராசரியாக 300 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கிடைக்கிறது. தென்னிலங்கை நனையும் ஆனி, ஆடி மாதங்களில் இங்கே நிலம் வெடித்துக் கிடக்கும். ஆகவே நமக்கு மாரிகாலம் என்பது மழைக்காலந்தான். குளிர் என்று சொல்ல அதிகம் இல்லை. ஜனவரி மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை சராசரியாக 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. கூதல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் ஈரத்தையும் காற்றையுந்தான்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் மாரிகால மனச்சோர்வு பற்றிப் பேசும்போது, அவர்களுடைய காரணம் வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். லண்டனில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பகல் சுருங்குவதால் ஆண்டுதோறும் வரும் அந்தச் சோர்வை, நோர்மன் ரோசன்தாலும் அவரோடு பணியாற்றிய மருத்துவர்களும் 1984 இல் ஒரு தனி நிலையாக விவரித்தார்கள். திருகோணமலையிலோ மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியால வித்தியாசமே உண்டு. மார்கழியிலும் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பகல் இருக்கிறது. எனவே நமக்குப் பகல் குறைவதில்லை. மழை நம்மைக் கூரைக்குக் கீழே அடைத்து வைப்பதால், இருக்கின்ற பகலை நாம் காணாமல் விடுகிறோம்.

எவ்வளவு காணாமல் விடுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மழை நாளில் யன்னலைச் சாத்திவிட்டு ஒரு மின்குமிழின் கீழ் இருப்பவரின் கண்ணை அடையும் ஒளி நூறு லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் இருக்கலாம், அதற்கும் குறையலாம். அதே நேரத்தில் முற்றத்தில், மேகம் மூடிய வானத்தின் கீழேகூட, ஒளி ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். வானம் வெளித்த நாளில் காலை 7 மணியளவிலேயே அது பத்தாயிரத்தை நெருங்கி, உச்சிப் பொழுதில் ஓர் இலட்சம் வரை உயரும். நம் கண் மங்கிய ஒளிக்குத் தானாகவே பழகிக்கொள்வதால் இந்தப் பாரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் விழித்திரையில் பார்வைக்கென அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன, அவை ஏமாறுவதில்லை. காலை ஒளி போதிய அளவில் கிடைத்தால், உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் அடங்கி, உடலின் உள்மணிக்கூடு அந்த நாளுக்கெனச் சரிசெய்யப்படுகிறது. அன்றிரவு உறக்கமும் நேரத்துக்கு வருகிறது. கிடைக்காவிட்டால் பகலில் தூங்கி வழிவதும் இரவில் விழித்துக் கிடப்பதுமாக நாட்கள் போகும். இந்த உள்மணிக்கூடு கலங்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கே 2017 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒளி ஒன்றே முழுக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. மழை வாரங்களில் வள்ளம் கரையில் கிடக்கிறது, கூலி வேலை நின்றுபோகிறது, கடைக்கடன் ஏறுகிறது, அயலவரைக் காண்பதும் குறைகிறது. வெயில் வந்ததும் இவையெல்லாம் ஒருசேரத் தளர்வதால்தான் அந்தக் காலையில் மனம் அவ்வளவு இலகுவாகிறது.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

வெயில் காலையைப் பயன்படுத்துவது முதல் நாள் மாலையிலேயே தொடங்குகிறது. காற்றின் வேகம் தணிந்து, மேற்கே மேகம் பிளந்து, இரவில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால், மறுநாள் விடியல் பெரும்பாலும் வெளிப்பாக இருக்கும். வானம் திறந்த இரவில் நிலம் வெப்பத்தை விரைவாக இழப்பதால், விடியற்காலை வழக்கத்தைவிடக் குளிர்ந்து, புல்லில் பனி கொட்டியிருக்கும். ஆனாலும் கண்ணால் கண்டதை மட்டும் நம்பக் கூடாது; வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். டிசம்பர் மாதத்து ஒரு நல்ல பகலுக்குப் பின்னால் அடுத்த தாழமுக்கம் வரிசையில் நிற்பது இந்தக் கரைக்குப் புதிதன்று. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது.

வெளிக்கும் என்று தெரிந்தால் அன்றிரவு நேரத்துக்குப் படுக்க வேண்டும். மழை நாட்களில் பதினொரு மணி வரை தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்த பழக்கத்தை அன்று ஒருநாள் விட்டால் போதும், ஆறு மணிக்கு எழுவது பெரிய தவமாக இராது. காலை உணவு பற்றியும் இரவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது மிகவும் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் விடியல் வெயிலைத் தவறவிடும் ஒரே ஆள் அடுப்படியில் நிற்பவர்தான். அன்று இடியப்பமும் சொதியும் வேண்டாம். தெருவில் இசை போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் வண்டியில் ஒரு இறாத்தல் பாணை வாங்கி, சம்பலோடு முடித்துக்கொள்ளலாம். அல்லது இரவே ஒரு பிடி கூடுதலாக அரிசி போட்டுப் பழஞ்சோறாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும், வீட்டின் பாதிப் பேருக்குத்தான் வெயில் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

விடிந்ததும் முதல் ஒரு மணித்தியாலம்

மார்கழி நடுப்பகுதியிலிருந்து தைப்பொங்கல் வரை திருகோணமலையில் சூரியன் 6.20 க்கும் 6.30 க்கும் இடையில் உதிக்கிறது. அது ஒரு பனை உயரம் எழும் வேளையில், அதாவது 6.45 அளவில், வெளியே இறங்கிவிட வேண்டும். முகம் கழுவி, ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதை யன்னலோரம் நின்று குடித்துக்கொண்டே அரை மணித்தியாலத்தைப் போக்கிவிடக் கூடாது. கண்ணாடியும் திரைச்சீலையும் கம்பியும் ஒளியில் பெரும் பங்கை மறித்துவிடுகின்றன. தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு படலைக்கு வருவது எவ்வளவோ மேல்.

எங்கே போவது என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. திருகோணமலை நகரம் இரண்டு பக்கமும் கடலைக் கொண்டது. கிழக்கே டச் பே கடற்கரையும் கோட்டை முனையும் திறந்த கடலைப் பார்த்திருப்பதால் முதற்கதிர் அங்கேதான் விழும். மேற்கே உட்துறைமுகப் பக்கத்தில் வெயில் நகரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறி வர வேண்டும்; அந்தப் பக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். உவர்மலையில் இருப்பவர்களுக்கு மேட்டு நிலமே போதும், வீட்டுக்கு முன்னால் உள்ள வீதியில் கிழக்கு நோக்கி நடந்தாலே வெளிச்சம் முகத்தில் படும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தவர்களுக்குக் கடற்கரை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

நடக்கக் கூடியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிரெட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோவில் வரையான ஏற்றம். போர்த்துக்கேயர் 1624 அளவில் பழைய கோவிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை அது. இன்று அதன் நிழல் மரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் மேய்கின்றன. மழை ஓய்ந்த காலையில் அந்த மான்களைச் சற்று நின்று பார்க்கலாம். இரவெல்லாம் நனைந்த முதுகில் மயிர் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டிருக்க, புள்ளிகள் மங்கி, தோல் கறுத்துத் தெரியும். வெயில் விழும் ஒரு துண்டு நிலத்தைத் தேடி வந்து நின்று, காதை ஒருமுறை உதறிவிட்டு அசையாமல் நிற்கும். கால் மணித்தியாலத்தில் முதுகு காய்ந்து, புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளுத்து வரும். அவற்றுக்கு உணவு கொடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். நாம் கொண்டுபோகும் பொலித்தீன் பையை அவை தின்றுவிடுகின்றன. கோவிலுக்கு அருகே செருப்பைக் கழற்றியபின் கல்லில் கவனமாகக் கால் வைக்க வேண்டும், வாரக்கணக்கான மழைக்குப் பின் பாசி பிடித்திருக்கும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், தெளிந்த வானத்தின் கீழ் இருபது முதல் முப்பது நிமிடம் நல்ல அளவு. இடையிடையே மேகம் மறைத்தால் அதை இரட்டிக்கலாம். வெளிச்சம் உள்ள பக்கம் முகம் இருந்தால் போதும். சூரியனை நேரே உற்றுப் பார்க்கக் கூடாது, செம்மஞ்சளாகக் கண்ணுக்கு இதமாகத் தோன்றும் வேளையிலும் கூடாது. கறுப்புக் கண்ணாடியை அந்த அரை மணித்தியாலத்துக்குக் கழற்றி வைக்கலாம். கண் சத்திரசிகிச்சை செய்தவர்களும் விழித்திரை நோய் உள்ளவர்களும் மட்டும் தங்கள் வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். நடப்பது அமர்ந்திருப்பதைவிட நல்லது, அயலவரோடு பேசிக்கொண்டு நடப்பது அதைவிட நல்லது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, யார் வீட்டுக் கூரை ஒழுகியது, யார் வீட்டு முருங்கை முறிந்தது என்று விசாரிப்பதை வீண்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டு வாரமாகச் சுவரைப் பார்த்திருந்தவருக்கு அது மருந்துக்குச் சமம்.

வெளியே போக முடியாத முதியவர்களுக்கு வெயிலைத் தேடிக் கதிரையை நகர்த்த வேண்டும். முற்றத்தில் முதல் வெயில் எங்கே விழுகிறது என்பதை வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அங்கே ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு, கால்களை நீட்டி வைக்கச் செய்து, தலைக்கு ஒரு துவாயும் காலுக்கு மேசும் கொடுத்துவிடலாம். தலையில் பனி இறங்கும் என்று அம்மம்மா மறுத்தால் வாதாடுவதில் பயனில்லை. பனி உலரும் 7.15 வரை காத்திருந்து, பிறகு அழைத்தால் வந்துவிடுவார். மூட்டு வலியால் காலையில் எழும்ப முடியாதவர்களுக்குக் கால்களில் படும் இளஞ்சூடு இதமாக இருக்கும். சில நிமிடங்களில் அவர்களாகவே கையை நீட்டிப் பார்ப்பார்கள். பிரம்பை எட்டும் தூரத்தில் சாத்தி வைப்பதும், ஈரச் சீமெந்தில் ஒரு சாக்கை விரித்துவிடுவதும் மறக்கக் கூடாதவை.

எல்லோருக்கும் இந்தக் காலை இனிக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்ததும் காலை வேளையில்தான். மார்கழியில் கடல் அமைதியாகத் தோன்றும் காலைகளிலேயே மனம் பதறுகின்றவர்கள் இந்தக் கரையில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கடற்கரைக்கு வருமாறு வற்புறுத்துவது நன்மையென்று நினைத்துச் செய்யும் தீமை. வீட்டு முற்றமோ, கோவில் வீதியோ, ஊருக்கு உட்புறமான ஒரு வயல் வரம்போ அவர்களுக்குப் போதும். வெளிச்சம் எங்கும் ஒன்றே. கூட ஒருவர் இருந்து, பேசினால் கேட்டு, பேசாவிட்டால் சும்மா நடந்தால் போதுமானது.

ஒன்பது மணிக்குப் பின் துணியும் வீடும்

துணி உலர்த்தக் காத்திருந்தவர்கள் இதுவரை பொறுத்ததில் எதையும் இழக்கவில்லை. விடியற்காலையில் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். உடுப்புக் கொடியிலேயே பனித்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யன்னல்களை அகலத் திறந்தால் ஈரக்காற்றுத்தான் உள்ளே வரும், மெத்தையை வெளியே போட்டால் அது மேலும் குளிரும். நிலம் சூடேறி, காற்று அசையத் தொடங்கும் எட்டரை, ஒன்பது மணிக்குப் பிறகே உலர்த்தும் வெயில் தொடங்குகிறது. ஆகவே கொடியை ஒரு பழந்துணியால் இழுத்துத் துடைத்துவிட்டு, அப்போது ஆரம்பிக்கலாம்.

தடித்தவை முதலில் போக வேண்டும்: மெத்தை, தலையணை, போர்வை, பாய், ஜீன்ஸ். மதியத்தின் உச்ச வெயிலும் காற்றும் அவற்றுக்குத்தான் தேவை, சட்டையும் சாரமும் கடைசி ஒரு மணித்தியாலத்திலும் காய்ந்துவிடும். மெத்தையைத் தரையில் கிடத்தாமல் இரண்டு கதிரைகளில் சாய்த்து வைத்து, பன்னிரண்டு மணிக்கு மறுபுறம் திருப்ப வேண்டும். மாலை நான்கு மணிக்கு முன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதன் பின் காற்று மீண்டும் ஈரமாகி, காய்ந்த பஞ்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். யன்னல்களையும் அதே நேரத்தில் சாத்துவது நல்லது. அரிசியும் பருப்பும் கொச்சிக்காயும் சுளகில் பரப்பி வைக்கப்படலாம். புத்தகங்களையும் புகைப்படங்களையும் நேர் வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும், காற்றோட்டமான நிழலே அவற்றுக்கு ஏற்றது.

பூஞ்சணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த தோற்செருப்பை எடுத்துப் பார்த்தால், வார் முழுவதும் சாம்பல் பச்சையாக ஒரு பூச்சுப் படர்ந்து, விரல் பட்டதும் தூளாக எழும்பும். அந்தத் தூள்தான் மூக்கடைப்புக்கும் இழுப்புக்கும் காரணம். அதை வீட்டுக்குள் வைத்துத் தும்புத்தடியால் தட்டினால் முழு வீட்டுக்கும் பரவிவிடும். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, பொருளை வெளியே கொண்டுபோய், சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். சுவரில் உள்ளதற்குப் பிளீச்சிங் திரவம் பயன்படுத்துவோர் யன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வெளிவரும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் அடுத்த மழைக்குப் பின் இந்த வேலை பாதியாகும். இழுப்பு உள்ளவர் இதில் கை வைக்க வேண்டாம்.

நீர் தேங்கிய இடங்களை அன்றே பார்த்துவிட வேண்டும். மழை ஓய்ந்த வெயில் டெங்கு நுளம்புக்கும் பிடித்தமானது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். கூரைப் பீலி, சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு ஆகியவற்றைக் கவிழ்ப்பதோடு, தேய்த்தும் கழுவ வேண்டும். ஏனெனில் காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழை நீரில் பொரிக்கும். வெள்ளம் ஏறிய கிணற்றைக் குளோரின் இடாமல் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் வழிகாட்டுவார், அதுவரை கொதித்தாறிய நீரே குடிக்க வேண்டும். விறகுக் குவியலையும் கல் அடுக்கையும் கையால் கிளறுவதற்கு முன் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும்: நம்மைப் போலவே விரியனும் அன்று வெயில் காய வெளியே வரும்.

தோலுக்கான வெயில்

காலை ஏழு மணி வெயில் கண்ணுக்கும் உள்மணிக்கூட்டுக்கும் நல்லது என்றாலும், விற்றமின் டி என்ற கணக்கில் அது அநேகமாக ஒன்றும் தருவதில்லை. அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் சூரியன் உயர ஏறிய பின்பே போதிய அளவில் நிலத்தை அடைகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரம் அதற்குரிய எளிய அடையாளம். திருகோணமலையில் ஜனவரி மாதத் தொடக்கத்தில் அது காலை பத்து மணியளவில் வரும். துணியைத் திருப்பிப் போடும் சாட்டில் கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் போதுமானது. கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும், அதற்காகத் தலை சுற்றும்வரை நிற்க வேண்டியதில்லை. கண்ணாடி யன்னலுக்குள் இருந்து பெறும் வெயில் இதற்கு உதவாது.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்க விவசாயிகள் இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்போக வயலில் சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் குளிசை வழங்கப்படுகிறது. அந்தக் குளிசை தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும். அதை எடுத்துக்கொள்பவர் மழைக்குப் பின் வரும் கடும் வெயிலில் வெறும் மேலோடு நின்றால் தோல் கருகிக் கொப்பளிக்கலாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்துகொண்டு, குளிசையை விடாமல் எடுக்க வேண்டும்.

கடலைப் பற்றி ஒரே வரி: வெயில் எறிக்கிறது என்பதற்காக இறங்கிக் குளிக்கக் கூடாது. வடகீழ்ப் பருவம் முடியும் வரை கிழக்குக் கடலின் நீரோட்டம் நம்பத்தக்கதன்று, கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பகலும் மறுநாளும்

மதிய உணவுக்குப் பின் உறக்கம் வரும். இருபது நிமிடம் சாயலாம்; இரண்டு மணித்தியாலம் படுத்தால் காலையில் சரிசெய்த மணிக்கூடு இரவில் குழம்பும். மாலை 5.30 அளவில் உட்துறைமுகப் பக்கம் போனால், ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாகச் சூரியன் மறைவதைக் காணலாம். காலையில் வர முடியாமல் வேலைக்குப் போனவர்களுக்கு இந்த நேரத்தை ஒதுக்கி வைப்பது நியாயமானது. காலை ஒளிக்கு அது ஈடாகாது என்றாலும், காற்றும் நடையும் துணையும் கிடைக்கும்.

சிலருக்கு வெயில் வந்தும் மனம் எழும்பாது. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, உறக்கக் கேடு, தன்னைத்தானே குறை கூறும் எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அதை மழையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே பேச வேண்டும். மனம் மிகத் தாழ்வதும் அளவுமீறி உயர்வதுமாக மாறி மாறி வரும் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கடும் ஒளியைச் சிகிச்சை போல நீண்ட நேரம் பெறுவதற்கு முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாளில் மழை திரும்பிவிட்டால், எழும்பும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மழை விட்டும் தூவானம் விடாத இடைவெளியில் குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வீதியில் நடந்தாலும், வீட்டு விளக்கின் கீழ்க் கிடைப்பதைவிடப் பல மடங்கு ஒளி கண்ணை அடையும். நடக்க இயலாதவர்களுக்குக் கதிரையை விறாந்தையின் கிழக்கு ஓரத்தில், சாரல் படாத தூரத்தில் போட்டு, காலைத் தேநீரை அங்கேயே கொடுக்கலாம். அந்தக் கதிரையில் நனைந்த உடுப்பைக் காயப்போடாமல் வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.